மூதூர்ப் பெட்டிக்குக் கொடுத்த வாக்கு

எங்கள் ஐஸ் தொழிற்சாலையில் கணினி தெரியாத ஆள் நான் ஒருவன்தான். ஆனால் அந்தக் கணினி என்ன வேலை செய்யவேண்டும் என்று முதன்முதலில் சொன்ன ஆளும் நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருமலைத் துறைமுகத்துப் பக்கமிருந்து உப்புவெளி வரைக்கும் சைக்கிள் கரியரில் ஐஸ் கட்டியை வைத்து, மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றி, உருகுவதற்குள் மிதித்துக்கொண்டுபோய்ச் சேர்த்தவன். அந்த வெயிலில் என்னைப்போல் கட்டி குறையாமல் கொண்டுபோன இன்னோர் ஆள் இந்தக் கரையில் இருந்ததாக எனக்குத் தெரியாது. இருந்தால் வந்து சொல்லட்டும். இன்றைக்குத் தொழிற்சாலை என்னுடையது. உப்புவெளியிலும் புல்மோட்டையிலும் மூதூரிலும் கடற்கரையோரக் கொட்டில்களில், நாங்கள் வாடி என்று சொல்வோம், என் ஐஸைத்தான் மீன்பிடி வள்ளங்களுக்குக் கொடுக்கிறார்கள்.

கடல் வேலைக்குப் போகிறவனுடைய வீட்டில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கும். எப்போது வருவார்? அதற்கு விடை ஐஸில் இருக்கிறது என்று கண்டவன் நான். ஒரு வள்ளம் எத்தனை கட்டி ஏற்றியது என்று சொல்லுங்கள், அது எப்போது கரைக்கு வரும் என்று நான் சொல்வேன். ஐஸ் முடிந்த பிறகு கடலில் நிற்கிற மீனவன் கிடையாது, நின்றால் பிடித்த மீன் நாறிவிடும். அந்த நேரத்தையும் தாண்டி ஒரு வள்ளம் வரவில்லை என்றால் என்ஜின் நின்றிருக்கவேண்டும், அல்லது அதைவிட மோசமாக ஏதாவது நடந்திருக்கவேண்டும். தூரத்துக் கடலில் தொலைபேசி எடுபடாது. ஆகவே கரையில் இருக்கிறவன்தான் யோசிக்கவேண்டும்.

பல வருடமாக அதை என் தலைக்குள்ளேயே வைத்திருந்தேன். பெண்கள் தொழிற்சாலை வாசலுக்கு வந்து கேட்பார்கள், நான் நேரம் சொல்வேன். வள்ளங்கள் கூடக்கூட என் தலை போதவில்லை. என் மகள் கணினி படித்துவிட்டு ஊருக்கு வந்து, தொழிற்சாலை மேல்மாடி அறையில் இருந்துகொண்டே வெளியூர்க்காரர்களுக்கு வேலை செய்துகொண்டிருந்தாள். அவளிடம் சொன்னேன். அவள் ஒரு மென்பொருள் எழுதினாள். வாடியில் ஐஸ் ஏற்றும்போதே வள்ளத்தின் பெயரையும் கட்டிகளையும் அங்கிருக்கிற கணினியில் பதிவார்கள், அது திரும்பும் நேரத்தைக் கணக்குப் பார்த்து எங்களுக்கு அனுப்பும். எங்கள் திரையில் அந்த வள்ளத்துக்கு ஒரு வெள்ளை வரி தோன்றும். வள்ளம் திரும்பியதும் வரி மறையும். நேரம் தாண்டி ஒரு மணித்தியாலம் ஆனால் வரி சிவப்பாகிவிடும். சிவப்பைக் கண்டால் வீட்டுக்கு அழைப்போம், பக்கத்து வள்ளங்களைத் தேடி அனுப்புவோம். அந்தச் சிவப்பால் கரைக்கு வந்து சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் என்னைக் கண்டால் இன்றைக்கும் சைக்கிளை விட்டு இறங்கித்தான் கதைப்பார்கள்.

இந்த இடத்தில் மகள் எனக்கு விளங்கப்படுத்திய ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். கணினிக்கு வேலை சொல்வதற்கு என்று தனி மொழிகள் இருக்கின்றன. அவள் எழுதிய மொழிக்கு ஒரு பாம்பின் பெயர். என்ஜினுக்குப் புதிய மாடல் வருவதுபோல மொழிக்கும் புதிய பதிப்பு வரும். அவள் தொடங்கியபோது இரண்டாம் பதிப்பு. பிறகு மூன்றாம் பதிப்பு வந்தது. மொழியைச் செய்தவர்கள், இரண்டாம் பதிப்பை இனித் திருத்தமாட்டோம், எல்லாரும் மூன்றுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். உப்புவெளியும் புல்மோட்டையும் வந்துவிட்டன. மூதூர் வரவில்லை. மூதூர் வாடியில் இருந்த கணினி மிகப் பழையது. அதில் மூன்றாம் பதிப்பு ஏறாது.

அந்தப் பெட்டியை அங்கே கொண்டுபோய் வைத்தவன் நான்.

மூதூர் வாடிக்காரர் ஒரு ஹாஜியார். நான் தொழிற்சாலை தொடங்கிய முதல் கிழமையில் என் ஐஸ் வெள்ளையாகக் கலங்கி வந்தது. தண்ணீரில் ஏதோ பிழை. திருமலையில் ஒருவரும் அதை வாங்கவில்லை. மூதூர் ஹாஜியார் மட்டும் ஒரு லொறி நிறைய ஏற்றச் சொன்னார். "குளிரா இரிக்கிதானே, போதும்" என்றார். அந்த ஒரு லொறிதான் என்னை நிமிர்த்தியது. அதனால் மென்பொருள் வந்தபோது, என் அலுவலகத்தில் இருந்ததிலேயே நல்ல கணினியை நானே தூக்கிக்கொண்டு போனேன். அவருடைய ஆட்கள் எல்லாரும் பார்த்திருக்க அவருடைய கையைப் பிடித்துச் சொன்னேன்.

"ஹாஜியார், இந்தப் பெட்டிக்கு உயிர் இருக்கிற வரைக்கும் எங்கட வேலை இதில ஓடும். இது என்ர வாக்கு."

நான் கையெழுத்து வைத்த கடதாசியைவிட என் வாய்ச்சொல்லுக்குத்தான் இந்தக் கரையில் மதிப்பு. ஆகவே மகள் எதை மாற்றினாலும் அது மூன்றாம் பதிப்பிலும் ஓடவேண்டும், மூதூருக்காக இரண்டாம் பதிப்பிலும் ஓடவேண்டும் என்று ஆயிற்று. வருடத்துக்கு ஒருமுறை அவள் கேட்பாள்.

"அப்பா, ரெண்டாம் பதிப்பை விடுவமா?"

"அந்தக் கதை வேண்டாம்."

"ஹாஜியாரிட்ட ஒருக்கா நான் கேட்கிறன்."

"கேட்கப்படாது. குடுத்த சாமானைக் குறை சொல்லுறமாதிரிப் போயிடும். மூதூருக்கு இதைப் பற்றி ஒரு சொல்லும் போகக்கூடாது."

அவள் எழும்பிப் போய்விடுவாள். கதவை அடித்துச் சாத்தமாட்டாள், என் மகள் அப்படி இல்லை. ஆனால் படியில் ஏறும்போது காலடிச் சத்தம் கேட்கும்.

இப்படியே வருடங்கள் போயின. போன வருடம் நான் புதிய ஐஸ் மெசின் ஒன்று இறக்கினேன். சின்னக் கட்டி, கண்ணாடிபோல் தெளிவு, தூக்குகிறவனுக்கு முதுகு நோகாது. முன்பெல்லாம் ஒரு கட்டி ஒரு நாளுக்கு. இப்போது இரண்டு கட்டிக்கு ஒரு நாள். மகளிடம் சொன்னேன். கட்டிகளை இரண்டால் வகுத்து எத்தனை நாள் என்று காணும்படி மென்பொருளில் ஒரே ஒரு வரியை மாற்றினாள். மேல்மாடியில் தன் கணினியில் போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது.

அதற்கு மூன்றாம் வாரம், ஒரு புதன்கிழமை காலை ஏழு மணிக்கு மூதூர் வள்ளம் ஒன்றின் வரி சிவப்பாயிற்று. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, மச்சான்மார் இரண்டு பேர், ஐந்து கட்டியோடு போனவர்கள். நாங்கள் வீட்டுக்கு அழைத்தோம். மூதூரில் இருந்து நான்கு வள்ளங்கள் தேடிப் போயின. கரையில் சனம் கூடிவிட்டது. நான் வெறும் வயிற்றோடு திரைக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பின்னேரம் மூன்று மணிக்கு அந்த மச்சான்மார் இரண்டு பேரும் மீனோடும் சிரிப்போடும் வந்து சேர்ந்தார்கள். தேடிப் போனவர்கள் வேறு பக்கம் போயிருந்தார்கள். கரையில் நின்ற கூட்டத்தைக் கண்டு, யாரோ மந்திரி வருகிறார் என்று நினைத்தார்களாம். ஐஸில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்ததாம்.

நாலு மணிக்கு அவர்களில் ஒருவனுடைய மனைவி எனக்கு அழைத்தாள்.

"ஐயா, காலமை ஏழு மணியிலயிருந்து நான் விதவை. பின்னேரம் மூண்டு மணிக்குத்தான் திரும்பக் கலியாணம் கட்டினனான். உங்கட மெசினுக்கு ஆரையா கணக்குப் படிப்பிச்சது?"

அந்தக் கணக்கைப் படிப்பித்தவன் நான்.

மகள் மேலே போய் ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அப்பா, அஞ்சை ரெண்டால பிரிச்சால் எவ்வளவு?"

"என்னைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்போறியோ? ரெண்டரை."

"மூண்டாம் பதிப்பும் ரெண்டரை எண்டுதான் சொல்லுது. ரெண்டாம் பதிப்பு ரெண்டு எண்டு சொல்லுது."

"மிச்ச அரை?"

"எறிஞ்சுபோடும். முழு எண்ணை முழு எண்ணால பிரிச்சால் முழு எண்தான் தரும். அதின்ர பழக்கம் அப்பிடி. அந்தக் காலத்தில அதுதான் சரியெண்டு வைச்சிருந்தவை, பிறகு யோசிச்சு மாத்தினவை. எனக்குத் தெரிஞ்ச விஷயம்தான் அப்பா. ஆனா எழுதேக்கை நினைவு வரேல்லை. நான் மூண்டிலதான் போட்டுப் பார்த்தனான்."

"அரை நாளை எறிஞ்சதா? ரெண்டு மனுசரோட சேர்த்தா?"

"ஓம்."

"அப்ப திருத்து."

"திருத்திட்டன். ஒரு நிமிச வேலை. ஆனா இன்னும் எத்தினை இடத்தில ஒரே வரி ரெண்டு விடை சொல்லும் எண்டு எனக்குத் தெரியாது. ஒவ்வொருதரமும் ரெண்டிலும் பார்க்கவேணும். ஒருநாள் மறப்பன். இண்டைக்கு அரை நாள் முந்திச் சிவத்தது. இன்னொரு நாள் சிவக்கவேண்டியது சிவக்காமல் விட்டால்?"

அப்போதும் எனக்கு ஹாஜியாருடைய கையைப் பிடித்தது நினைவில் இருந்தது.

ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. பத்து நாள் கழித்து உப்புவெளி வள்ளம் ஒன்று சிவந்தது. உப்புவெளி மூன்றாம் பதிப்பு, கணக்குச் சரியான இடம். நாங்கள் வாடிக்கு அழைத்தோம். ஒருவரும் உடனே எழும்பவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார்கள். வள்ளத்தில் எண்ணெய் முடிந்து, நீரோட்டத்தோடு இழுபட்டுப் போய்க்கொண்டிருந்ததாம். கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள், ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னேரம் நான் அங்கே போய்ச் சத்தம் போட்டேன். வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"கோவிக்காதேங்கோ ஐயா. மூதூர்ச் சிவப்பு மாதிரி இதுவும் மத்தியானச் சாப்பாட்டோட வெளுத்திடும் எண்டு நினைச்சம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். என் முகத்துக்கு முன்னால் சிரித்தார்கள். சைக்கிளில் ஐஸ் கொண்டுபோன காலத்தில்கூட அந்தக் கரையில் என்னைப் பார்த்து ஒருவன் சிரித்ததில்லை. சிரிப்பைக்கூடப் பொறுக்கலாம். அடுத்த சிவப்பை இவர்கள் நம்பாமல் விட்டால் யாரோ ஒருவன் கடலோடு போய்விடுவான். என் வாக்கைக் காப்பாற்றப்போய் என் சிவப்பு செல்லாமல் போய்விட்டது. அன்றைக்கு அந்த மணலில் நின்றுதான் நான் முடிவெடுத்தேன். மகள் சொல்லி எடுத்த முடிவு என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைக்கட்டும்.

அடுத்த நாள் காலை சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே வந்தேன்.

"எங்கை அப்பா?"

"மூதூருக்கு. ஹாஜியாரைப் பார்க்க."

"பெட்டியைப் பற்றிக் கதைக்கவோ?"

"அவற்ர சுகத்தை விசாரிக்க."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குசினிக்குள் போய்ப் பனங்கற்கண்டு ஒரு பொட்டலம் கொண்டுவந்து தந்தாள். "வெறுங்கையோட சுகம் விசாரிக்கக்கூடாது" என்றாள்.

பஸ்ஸில் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும்போது நான் சொல்லவேண்டிய கதையை மனத்துக்குள் ஏழெட்டுத்தரம் சொல்லிப்பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. பெட்டியை மாற்றுங்கள் என்று சொன்னால், என் வீட்டுப் பொருளை நீங்கள் ஒழுங்காக வைத்திருக்கவில்லை என்று சொன்னமாதிரி. புதுப் பெட்டி தருகிறேன் என்று சொன்னால், உங்களுக்கு வாங்க வழியில்லை என்று சொன்னமாதிரி. அமைச்சர்களோடு கதைத்தவன் நான், துறைமுக அதிகாரிகளை எதிர்த்துக் கதைத்தவன் நான். அந்த பஸ்ஸில் பனங்கற்கண்டுப் பொட்டலத்தை அவிழ்ப்பதும் திரும்பக் கட்டுவதுமாக இருந்தேன்.

ஹாஜியார் வாடி வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்க மொதலாளி, வாங்க. சொல்லாமக் கொள்ளாம வந்திட்டீங்க. இஞ்ச பாருங்க ஒங்கட பெட்டிய. ராசா மாதிரி இரிக்கி."

உண்மையிலேயே ராசா மாதிரித்தான் இருந்தது. தனி மேசை. மேலே பூ வேலை செய்த துணி, பாதி மடித்து விட்டிருந்தது. பக்கத்தில் ஒரு மேசைக் காற்றாடி, மனிதருக்கு இல்லை, பெட்டிக்கே காற்று வீசிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஹாஜியாருடைய மருமகள் உட்கார்ந்து பதிவு போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டி வந்த காலத்திலிருந்து அந்த வேலை அவளுடையதுதான். தொலைபேசியில் என் மகளுடைய குரலை அவளுக்குத் தெரியும், முகத்தைத் தெரியாது.

"நல்லாப் பார்த்து வைச்சிருக்கிறியள் ஹாஜியார்" என்றேன்.

"பாக்காம? நீங்க தந்த சாமான்தானே."

தேத்தண்ணி வந்தது. வாடைக்காற்று எப்போது தொடங்கும் என்று கதைத்தோம். சூடை மீன் இந்த வருடம் கரைக்கு வராததைப் பற்றிக் கதைத்தோம். இரண்டாவது தேத்தண்ணியோடு வட்டிலப்பம் வந்தது. அவருடைய முழங்கால் நோவைப் பற்றி விசாரித்தேன், என் முழங்காலைப் பற்றியும் சொன்னேன். பெட்டியைப் பற்றி ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. அவரும் என்னமோ சொல்ல வருவதுபோல வாயைத் திறப்பார், பிறகு "இன்னும் கொஞ்சம் சாப்புடுங்க" என்பார்.

அப்போது பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. எண்ணெய் இல்லாத என்ஜின் இழுப்பதுபோல. மருமகள் திரும்பிக்கூடப் பார்க்காமல், கணக்குக் கொப்பியில் எழுதிக்கொண்டே, இடக்கையால் பெட்டியின் விலாவில் ஓர் இடத்தைப் பார்த்து இரண்டு அடி போட்டாள். சத்தம் நின்றது.

"அதென்ன அடி?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்ல, ஈ" என்றார் ஹாஜியார்.

மருமகள் எழுதுகோலைக் கீழே வைத்தாள்.

"ஈயா மாமா? ரெண்டு வருசமா அந்த ஈயத்தான் நான் அடிக்கிறன்."

"புள்ள, நீ உள்ளுக்குப் போய்..."

"இருக்கட்டும் ஹாஜியார்" என்றேன். "பிள்ளை சொல்லட்டும்."

அவ்வளவுதான். அணை உடைந்தமாதிரி அவள் சொல்லத் தொடங்கினாள். விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு அவள் வந்து பெட்டியைப் போடவேண்டும், அப்போதுதான் முதல் வள்ளம் ஐஸ் ஏற்ற வருவதற்குள் அது எழும்பும். காற்றாடி நின்றால் அதுவும் நிற்கும். அதற்குள் இருக்கிற ஒரு துண்டு பழுதாகி, கொழும்பில் பழைய சாமான் கடைகளில் ஆள் விட்டுத் தேடி வாங்கினார்கள். அவளுடைய சகோதரன் ஒரு புதுக் கணினி வாங்கிக் கொடுத்திருக்கிறான். அது பின்னறையில் அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல் இருக்கிறது.

"பிரிக்காமலா? ஏன்?"

"மாமா விடல்ல. திருமலைக்கு ஒரு வார்த்த போகப்படாது எண்டிட்டாரு."

நான் ஹாஜியாரைப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"நீங்க கையால தூக்கிட்டு வந்து தந்த சாமான் மொதலாளி. எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அத நான் எப்பிடி மூலைல போடுற? நீங்க ஒருநாள் வந்து பாத்தா என்ன நினைப்பீங்க? அதான், ஓடுற வரைக்கும் ஓட்டுவோம் எண்டு..."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், வட்டிலப்பம் தொண்டையில் அடைத்துக்கொண்டது. மருமகள் தண்ணீர் தந்தாள். குடித்துவிட்டுச் சொன்னேன்.

"ஹாஜியார், உங்கட பெட்டிக்காக என்ர மகள் ஒவ்வொரு வரியையும் ரெண்டுதரம் பார்க்கிறாள். எத்தினை வருசமா! அண்டைக்கு மச்சான்மாருக்கு அரை நாள் குறைஞ்சது, அதுவும் இந்தப் பெட்டியாலதான்."

"இந்தப் பெட்டியாலயா? அப்ப ஏன் சொல்லல்ல?"

"உங்கட மனம் நோகும் எண்டு."

"எனக்கு என்னத்துக்கு நோகுது? ஒங்கட மனம் நோகுமெண்டுதானே நான் இத்தன காலமும் ஈ அடிச்சன்!"

"அடிச்சது நான்" என்றாள் மருமகள்.

மூன்று பேரும் சிரித்தோம். ஐஸ் ஏற்ற வந்த ஆட்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஹாஜியாருக்குச் சிரித்து இருமல் வந்துவிட்டது. என் நெஞ்சில் எவ்வளவு பாரம் இருந்தது என்று அது இறங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. இரண்டு ஆம்பிளைகள் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்துக்கொண்டே இருந்தோம், அந்த மரியாதையைத் தூக்கிச் சுமந்தது இரண்டு பெண்கள்.

பிறகு நான் எழும்பி நின்று முறையாகவே கேட்டேன். ஆட்கள் பார்க்கக் கொடுத்த வாக்கை ஆட்கள் பார்க்கத்தான் திருப்பி எடுக்கவேண்டும்.

"ஹாஜியார், நான் தந்த வாக்கை எனக்குத் திருப்பித் தாங்கோ."

அவர் கையை நீட்டினார். அதே கை. பிடித்துக் குலுக்கிவிட்டு விட்டார்.

"தந்திட்டன். இனி நீங்களும் சும்மா, நானும் சும்மா."

அங்கிருந்தே மகளுக்கு அழைத்து, தொலைபேசியை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டேன். பத்து நிமிடத்தில் அந்த இரண்டு பெண்களும் எல்லாவற்றையும் பேசி முடித்தார்கள். நானும் ஹாஜியாரும் பேசவேண்டிய தேவையே வரவில்லை. வருடக்கணக்காக ஒரு சின்ன வேலையை நாங்கள் இரண்டு பேரும் மறித்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. எந்த நாளில் மாற்றுவது?

"ஒரு வள்ளமும் கடலில இல்லாத நாளில" என்றாள் மகள். "பழசில தொடங்கின வரி புதுசில முடியக்கூடாது. திரை வெறுமையா இருக்கவேணும்."

"அப்பிடி ஒரு நாள் எங்க இரிக்கி?" என்றாள் மருமகள். "வெள்ளிக்கிழம எங்கட ஆக்கள் போறல்ல, ஒங்கட ஆக்கள் போவாங்க. ஞாயித்துக்கிழம மாதா கோயிலுக்குப் போற ஆக்கள் நிப்பாங்க, எங்கட ஆக்கள் போவாங்க."

அந்த இடத்தில்தான் நான் உதவினேன். நாற்பது வருடமாக இந்தக் கடலைப் பார்த்தவன் நான். "வாடை தொடங்கின உடன முதல் காத்து எச்சரிக்கை வரும். அண்டைக்கு ஒருத்தரும் இறக்கமாட்டினம். அதுதான் நாள்" என்றேன். அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாக "ஓம்" என்றார்கள்.

இன்னொன்றையும் மகள் அன்றைக்கே முடிவாகச் சொல்லிவிட்டாள். இனிமேல் பெட்டிக்கு வாக்குக் கிடையாது. மொழிக்குப் புதிய பதிப்பு ஒன்றுக்கு நாங்கள் மாறினால், பழையதை ஒரு வாடைக்காலத்திலிருந்து அடுத்த வாடைக்காலம் வரைக்கும் வைத்திருப்போம். அதை முதல் நாளே எல்லா வாடிக்கும் சொல்லிவிடுவோம். அதற்குப் பிறகு இல்லை. கேட்டவுடனே எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. மனிதர் முகத்தைப் பார்த்து எடுக்கவேண்டிய முடிவு இல்லாமல், காற்றைப் பார்த்து எடுக்கிற முடிவு. காற்றோடு யாரும் கோவிக்கமாட்டார்கள்.

ஐந்தாறு கிழமையில் காற்று வந்தது. கடலுக்குப் போகவேண்டாம் என்று அறிவித்தார்கள். புல்மோட்டையிலும் உப்புவெளியிலும் மூதூரிலும் வள்ளங்களை மேலே இழுத்துக் கட்டினார்கள். கடைசி வரி மறைந்தபோது காலை பத்து மணி இருக்கும். அந்தத் திரையை நான் வெறுமையாகக் கண்டது அன்றைக்குத்தான். மூதூரில் மருமகள் பின்னறைப் பெட்டியைப் பிரித்தாள், மச்சாள் முறை சொல்லி என் மகளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் போட்டாள். மேல்மாடியில் மகள் பழைய பதிப்புக்காக எழுதி வைத்திருந்த வரிகளை அள்ளி அள்ளி அழித்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் திரை குறையக் குறைய அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள். அந்த அறையில் அவள் பாடி நான் கேட்டதில்லை.

பழைய பெட்டியை ஹாஜியார் ஐஸ் இறக்க வந்த எங்கள் லொறியிலேயே அனுப்பிவிட்டார். பூத்துணியால் சுற்றி, சாரதிக்குப் பக்கத்து இருக்கையில் வைத்து. துணியைத் தோய்த்துத் திருப்பி அனுப்பினேன். பெட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்தேன். எனக்கு ஒரு துக்கமும் வரவில்லை.

காற்று ஓய்ந்து மூதூரிலிருந்து முதலில் இறங்கியது அதே மச்சான்மாருடைய வள்ளம். அதே ஐந்து கட்டி. வேண்டுமென்றே ஐந்து ஏற்றினார்கள் என்று மருமகள் பிறகு சொன்னாள். காலை ஆறு மணிக்குப் போனார்கள். திரையில் இரண்டரை நாள் என்று விழுந்தது. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு நான் கதிரையைப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், அவளும் நின்றாள். ஏழு மணி தாண்டியது. ஏழேகால். வரி வெள்ளையாகவே இருந்தது. "குடியுங்கோ, ஆறுது" என்றாள். குடித்தேன்.

அன்றைக்குப் பின்னேரம் ஐந்து மணிக்கு வரி மறைந்தது. கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. அந்த மனைவிதான்.

"ஐயா, அவர் வந்திட்டார். இண்டைக்கு ஒருத்தரும் என்னை விதவையாக்கேல்லை."

"கணக்குச் சரியோ பிள்ளை?"

"சரி ஐயா. ஆர் திருத்தினது?"

மகள் பக்கத்தில்தான் நின்றாள். நான் தொலைபேசியை அவளிடம் கொடுத்தேன்.